ஆனையின் முட்டு

வணக்கம். சொந்த ஊர் கருங்கல். பெங்களூரில் ஒரு சிறிய வீடியோ கேம் நிறுவனத்தில் விலங்குகளுக்கு முப்பரிமாண மாடல் செய்கிறேன். 2019இல் வந்த ‘பிளானட் ஸூ’வை ஆடித்தான் இந்த வேலைக்கே ஆசைப்பட்டேன். அதில் இந்திய யானையும் ஆப்பிரிக்க யானையும் தனித்தனி விலங்குகள். நாங்கள் செய்யும் மிருகக்காட்சிசாலை விளையாட்டில் ஆப்பிரிக்க யானையின் காதைச் சுருக்கி இந்திய யானை என்கிறார்கள். உள்ளே போடும் எலும்புக்கட்டு, நாங்கள் ரிக் என்போம், மாட்டுக்குச் செய்த அதே ரிக். சொன்னால் ‘போனில் ஆடுகிறவன் நகத்தை எண்ணுவானா?’ என்கிறார்கள். சுசீந்திரத்தில் யாளி செய்த சிற்பிகூட உடற்கூறு பார்த்தா செய்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது. நான் வீணாக அலட்டிக்கொள்கிறேனா? வேலையை மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலையை மாற்றுவதைப் பற்றி நான் என்ன சொல்ல? உங்கள் வாடகையும் கடனும் உங்களுக்குத்தான் தெரியும். போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டப வாசலில் சிமெண்டு யானைகள் இரண்டைப் பார்த்தேன். இரண்டுக்கும் மாட்டுக்கால். அன்றிலிருந்து மனசு ஆறாமல் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

யாளியைப் பற்றி எழுதிய வரியை முதலில் அழியுங்கள். படித்ததும் கோபம் வந்தது. சிங்க உடம்பில் துதிக்கையைப் பொருத்துகிறவனுக்குச் சிங்கமும் தெரிய வேண்டும், யானையும் தெரிய வேண்டும். எதை எங்கே மீறுகிறோம் என்று அறிந்து மீறியவன் அவன். உங்கள் அலுவலகத்தின் சோம்பலுக்கு அவனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

நகத்தை எண்ணுவானா என்றால், நம்மூரில் எண்ணுவார்கள். அந்தக் காலத்தில் ஆனை வாங்கப் போகிறவர் குனிந்து நகம் பார்ப்பார். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நன்னான்கு, ஆக 18. 20 இருந்தாலும் லட்சணம்தான். 16 என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காதைச் சுருக்கினால் மட்டும் நம் யானை ஆகிவிடாது. நம் யானைக்கு உச்சி தலையில், இரண்டு மேடாக. முதுகு மேல்நோக்கி வளையும். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழியும். துதிக்கை நுனியில் நம்முடையதற்கு ஒரு விரல், அதற்கு இரண்டு. இவற்றையெல்லாம் படத்தைப் பார்த்தே திருத்திவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது அந்த மாட்டு ரிக்.

என் பாட்டா தச்சர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கோயிலுக்கு யானை வாகனம் செய்து கொடுக்க அச்சாரம் வாங்கியிருந்தார். நல்ல அயனித்தடி. பின்னங்கால்களின் நடுவே பின்னோக்கி ஒரு முடக்கு வைத்துச் செதுக்கி முடித்துவிட்டார். காட்டில் மரம் வெட்டும் கூப்பில் தடி பிடிக்க வந்த ஆனைக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தவர், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “மூத்தாசாரியே, ஆனைக்கு மனுசக் காலாக்கும். இது பசுவில்லியா?”

பாட்டா பதில் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு திருவட்டாறு ஆற்றங்கரைக்குப் போனார். ஆனை தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தது. ஆனைக்காரர் தேங்காய்க் கதம்பையால் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னங்காலின் அடி எங்களைப் பார்த்திருந்தது. முன்காலைப் போல முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நீண்டிருந்தது. கோடையில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடிப்புகள், வெடிப்புக்குள் ஆற்றுமணல். கரையேறியதும் ஆனைக்காரர் “இரி ஆனே” என்றார். அது பின்கால்களை நாம் முழங்காலை ஊன்றி முட்டுப்போடுவதுபோல மடக்கியது. பாதம் பின்னால் போய், அடி வானத்தைப் பார்த்தது. பாட்டா என் கையைப் பிடித்து அந்த மடக்கில் வைத்தார். “இதாக்கும் மக்கா முட்டு. நமக்குள்ளது மாதிரிதான்.”

அன்றைக்கே இரண்டு பின்னங்கால்களையும் அறுத்துப் போட்டார். கோயில்காரர்கள் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரவில்லை. அறுத்ததில் ஒன்று எங்கள் வீட்டு அரங்கில் நெல்லுப்பெட்டிக்கு அண்டை கொடுத்து நெடுநாள் கிடந்தது.

மாட்டின் பின்னங்காலில் பின்பக்கம் கோணி நிற்கிறதே, அது அதன் குதிகால். முட்டு மேலே வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. யானைக்கு முட்டு வயிற்றைவிட்டு இறங்கி வந்துவிட்டது. குதிகால் தரைக்குப் பக்கத்தில். விரல் நுனிகளில்தான் நிற்கிறது, பின்னால் ஒரு கொழுப்பு மெத்தை தாங்குகிறது. அத்தனை பாரமும் ஓசையில்லாமல் நம் பின்னால் வந்து நிற்பது அதனால்தான். வேகமாகப் போகும்போதும் நாலு காலும் ஒருசேர மண்ணைவிட்டு எழாது. மாட்டு எலும்பை உள்ளே வைத்தால் உங்கள் யானை துள்ளும். எனக்கு ஒரு ஆறு இருந்தது, கையைப் பிடித்து வைக்க ஒரு பாட்டா இருந்தார். கருங்கல்லில் இன்று பிறக்கும் பிள்ளை, யானையின் முட்டு எப்படி என்று பார்ப்பதென்றால் உங்கள் திரையில்தான் பார்க்கும். நீங்கள் போய் அலட்டிக்கொள்கிறேனா என்று கேட்கிறீர்கள்!

அலுவலகத்தில் நகத்தைப் பற்றி வாதாட வேண்டாம். யானையை முட்டுப்போட வைத்து எல்லோருக்கும் ஓட்டிக் காட்டுங்கள். அந்த ரிக்கில் அது பின்காலை வயிற்றடியில் செருகிக்கொண்டு பசுவாகப் படுக்கும். பக்கத்திலேயே நிஜ யானை முட்டுப்போடும் வீடியோ ஒன்றையும் ஓட விடுங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.