தடுப்பூசியும் சீரமும் போட்ட நோயாளியைத் தாதி எப்படிக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தாதியர் பயிற்சியில் இருக்கிறார். ஊசி போடும் முறையெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதாம்; போட்ட பிறகு வாட்டில் உண்மையில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்கிறார். நான் திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ வாட்டில் வேலை செய்கிறேன். எங்களுக்குப் பழகிப்போனவை நாய்க்கடியும் பாம்புக்கடியும்தான், அதனால் அவற்றை வைத்தே சொல்கிறேன்.

தடுப்பூசியையும் சீரத்தையும் முதலில் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி விதைநெல் மாதிரி. நோய் எதிர்ப்புப் பொருளை உடம்பே விளைவித்துக்கொள்ள வேண்டும், நாள் பிடிக்கும், ஆனால் நின்று பயன் தரும். சீரம் யாரோ ஆக்கித் தந்த சோறு. உடனே உதவும், சில வாரத்தில் தீர்ந்துவிடும். விஷமுறிவு மருந்தையும் விசர்நாய்க்கடிச் சீரத்தில் ஒரு வகையையும் குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். குதிரைப் புரதத்தை மனித உடம்பு சும்மா விடாது. தடுப்பூசி போட்டவரை 20 நிமிடம் வாங்கில் இருத்திப் பார்த்தால் பெரும்பாலும் போதும். சீரம் ஏற்றியவரை முதல் சில மணித்தியாலம் கண்ணில் வைத்திருக்க வேண்டும், பிறகு இரண்டு கிழமைக்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாம்புக்கடியிலிருந்து தொடங்குகிறேன். தம்பலகாமம், சேருவில, மூதூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து வருபவர்கள்தான் அதிகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதைப் படகுக்குக் காத்திருந்து வந்த கதைகளைப் பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். இப்போது 1990 அம்புலன்ஸ் இலவசமாகவே வருகிறது. ஆனாலும் விஷகடி வைத்தியரிடம் போய்விட்டுத்தான் எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் எத்தனை மணிக்குக் கடித்தது, என்ன கட்டினார்கள், என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்ற விவரம் ஒன்றும் வாயிலிருந்து வராது.

கடிபட்டவர் எல்லோருக்கும் விஷமுறிவு மருந்து ஏற்றுவதில்லை, விஷம் ஏறிய அடையாளம் வேண்டும். கண்ணாடி விரியன் கடி என்று சந்தேகம் வந்தால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற வேலை எங்களுடையது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஒன்று இரண்டு மில்லிலீற்றர் நாள இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தரம் சரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள். பிளாஸ்ரிக் குழாயில் செய்யாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் வேண்டாம், உறையக்கூடிய இரத்தம்கூட அதில் உறையாமல் ஏமாற்றும். பொறுமையில்லாதவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குழாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், அதற்குச் செய்யாமலே விடலாம்.

மருந்து தூளாக வரும். ஒரு குப்பிக்கு 10 மில்லிலீற்றர் கிருமி நீக்கிய நீர் விட்டுக் கரைக்க வேண்டும். பத்துக் குப்பி, கண்ணாடி விரியனுக்கு இருபதும் ஆகலாம், அதனால் தனியாக இருந்து கரைக்காதீர்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள், தூள் கரையக் கரையத் தெளியும். பிள்ளைகளுக்கும் அதே அளவு மருந்துதான், அதைக் கலந்து ஏற்றுகிற சேலைனின் அளவை மட்டும் குறைப்போம். பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து கொடுப்பதில்லையே.

ஏற்றத் தொடங்கும்முன், கடும் ஒவ்வாமைக்கு உடனே போடுகிற அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து, பெயர் எழுதி ஒட்டி, கட்டிலோடு இருக்கும் தட்டில் வையுங்கள். அலுமாரியில் இருக்கிறது என்ற சமாதானம் வேண்டாம். இந்த மருந்துக்கு எதிர்விளைவு வருவதை நாங்கள் அபூர்வமாக நினைப்பதில்லை, வரும் என்று எதிர்பார்த்தே நிற்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளை வைத்து இலங்கையில் செய்து 2011இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே தோலுக்கடியில் கொடுத்த சிறிதளவு அட்ரினலின் கடுமையான எதிர்விளைவுகளைக் குறைத்தது. நாம் காலம் காலமாக நம்பிக் கொடுத்துவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் அப்படிக் காப்பாற்றவில்லை.

எதிர்விளைவு பெரும்பாலும் முதல் 10 நிமிடத்துக்கும் 3 மணித்தியாலத்துக்கும் இடையில் வரும். மொனிட்டர் கத்தும் வரை காத்திருக்காதீர்கள், நோயாளியின் முகத்தையும் கையையும் பாருங்கள். தலையைச் சொறிவார், உள்ளங்கை கடிக்குது என்பார், வரட்டு இருமல் இரண்டு மூன்று வரும், சத்தி வரப்பார்க்கும், காரணமில்லாமல் எழும்பி இருக்கப்பார்ப்பார். பிரஷர் விழுவது அதற்குப் பிறகுதான். மருந்தை நிறுத்துங்கள், ஊசிக் குழாயைக் கழற்றாதீர்கள், டொக்டரைக் கூப்பிடுங்கள், கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். பெரியவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று அட்ரினலின் அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். நிலைமை சீரான பிறகு அதே மருந்தை மெதுவாகத் திரும்பத் தொடங்குவார்கள். வீட்டு ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், விஷத்துக்கு வேறு மருந்து இல்லை என்று நீங்கள்தான் அவர்களுக்கு விளக்க வேண்டும். வயதான அம்மா “மகள், குளிருது, போர்வை தா” என்று நடுங்கினால் போர்வையைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலையும் பாருங்கள். அது மருந்தின் காய்ச்சல் எதிர்விளைவாக இருக்கலாம்.

கட்டுவிரியன் வேறு மாதிரி, அதன் விஷம் தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தக்கூடியது. நிலத்தில் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும், காயம் தெரியாது, விடிய வயிற்றுவலி என்று வருவார். காவல் குடிசையில் படுத்திருந்த ஒரு ஐயாவை, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எவ்வளவு தூரம் எண்ணுகிறீர்கள் என்று மணிக்கொரு தரம் கேட்டேன். “நான் என்ன பாலர் வகுப்புப் பிள்ளையா?” என்று கோபித்துக்கொண்டார். ஆனால் முப்பதைத் தாண்டியவர் பதினைந்தில் நிற்கத் தொடங்கியதும், மேலே பாருங்கள் என்றால் இமை தூக்க முடியாமல் போனதும்தான் செயற்கைச் சுவாசத்துக்கு நேரத்தோடு ஆயத்தமாக உதவின. இந்த விஷத்தில் சீரம் ஏற்றியாயிற்று என்று மூச்சைக் கவனியாமல் விடவே கூடாது. குழிவிரியனுக்கோ இந்தியாவிலிருந்து வரும் இந்த மருந்து வேலையே செய்யாது.

அப்புறம் நாய்க்கடி. ஊசி இரண்டாவது வேலைதான். முதல் வேலை காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பி வந்தாலும் அதே கழுவல்தான். சீரத்தை முடிந்தளவு காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்துவார்கள். விரல் நுனியில் இது சரியான வலி. பிள்ளையைத் தாயின் மடியில் இருத்தி, “நோகாது” என்று பொய் சொல்லாமல், நோகும், எண்ணி முடிக்கும்முன் முடிந்துவிடும் என்று சொல்லிப் பிடியுங்கள். தடுப்பூசிக்கு வேறு சிரிஞ்ச், வேறு இடம், பிட்டத்தில் வேண்டாம். தோலுக்குள் போடுகிற ஊசியில் சின்னக் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது, பக்கத்தில் திரும்பப் போட வேண்டும். குதிரைச் சீரத்துக்கு முன் தோல் சோதனை செய்யச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் அது சுத்தமாக வந்தது என்று அட்ரினலின் தட்டை எடுத்து வைக்காதீர்கள். அந்தச் சோதனையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

தடுப்பூசி வரிசையில் ஒரு பொடியன் விழுந்தால் எல்லோரும் ஒவ்வாமை என்று பதறுவார்கள். நாடியைப் பிடியுங்கள். மெதுவாக அடித்து, முகம் வெளிறி, படுக்க வைத்ததும் தெளிந்தால் அது பயத்தில் வந்த மயக்கம். வேகமாக அடித்து, தோல் தடித்து, மூச்சு இழுத்தால் அட்ரினலின்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி உள்ள தாயின் குழந்தைக்கு பிறந்து 12 மணித்தியாலத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மற்றத் தொடையில் இமியூனோகுளோபுலின், அதாவது மனித இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள். இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் ஆன தாய்க்கு, குழந்தை பொசிட்டிவ் என்றால், பிரசவத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி டி என்ற இமியூனோகுளோபுலின். மனித இமியூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்கு எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) சில மாதம் தள்ளிப்போகும், அதைக் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் எழுதாவிட்டால் கிளினிக் மிஸ்ஸுக்குத் தெரிய வழியில்லை. குளிர்சாதனம் 2 முதல் 8 பாகை. குப்பியின் தொகுதி இலக்கம் கட்டாயம் எழுதுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோரும் கேட்பது மீன், இறால், கத்தரிக்காய் சாப்பிடலாமா என்றுதான். வழக்கமாக ஒத்துப்போகிற சாப்பாட்டுக்குத் தடை இல்லை. யாரும் கேட்காததை நானே சொல்லி அனுப்புவேன். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கடிக்கும் தடிப்பு, மூட்டு நோவு வந்தால் அது சீரத்தால் வந்திருக்கலாம். டெங்கு, சிக்குன்குனியா என்று நினைத்து பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்க வேண்டாம், துண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பேன். துண்டின் மேலேயே சீரத்தின் பெயரையும் ஏற்றிய திகதியையும் பெரிதாக எழுதிவிடுவேன். அப்போது வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்குள்ள டொக்டருக்கு விஷயம் விளங்கும்.