ஒரு கூண்டுக்கு ஒன்று போதும்: ஹாம்ஸ்டர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை தொடங்கினால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பாதிப் பிள்ளைகள் கையில் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற குட்டிச் செல்லப் பிராணி வந்துவிடுகிறது. கூடவே என் கைப்பேசிக்குக் கேள்விகளும் வந்துவிடுகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் அறிவியல் டீச்சராக இருந்தவள், மிருக வைத்தியர் இல்லை. எனக்குத் தெரிந்தது ஹாம்ஸ்டர் மட்டும்தான்.

மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிவிட்டோம். கடையில் ரோஸ் நிறக் கூண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் என்ன செய்வது? (நான்காம் ஆண்டு மாணவியின் அம்மா)

எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

ஹாம்ஸ்டருக்கு ஏற்ற வெப்பம் சுமார் 18 முதல் 26 டிகிரி வரை. நம் ஊரில் பகலில் 32, 33 என்பது சாதாரணம். தகரக்கூரை போட்ட பழைய தோட்ட லயத்து (வரிசை) வீட்டில் மதியம் இன்னும் ஏறும். அதற்கு நம்மைப் போல வியர்க்காது, அதனால் ஃபேன் காற்று நேராகப் பட்டாலும் நமக்குக் கிடைக்கும் சுகம் அதற்குக் கிடைக்காது. பலர் இரவில் ஏர்கோன் போட்டுவிட்டு, காலையில் அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சூடு ஏறுவதே அதற்குப் பிறகுதான். மதியம் இரண்டு மணிக்குக் கூண்டு இருக்கும் இடத்தில் நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதற்கும் தாங்காது.

கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையில், சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். வீடு கட்டி மிச்சமான தரை ஓடு ஒன்றைக் கூண்டுக்குள் போடுங்கள், அதன் மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீர் போத்தலை உறையவைத்துத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். வேண்டுமென்றால் அது கிட்டே போகும், வேண்டாமென்றால் தள்ளிப் போகும்.

உடம்பு துவண்டு, எச்சில் வடிந்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது தூக்கம் இல்லை. உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாக ஒற்றிக்கொண்டே வைத்தியரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

ரோஸ் கூண்டைப் பற்றி: அது போதாது. 100க்கு 50 சென்டிமீட்டர் தரையாவது இருக்க வேண்டும். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டிக் கம்பிவலை பொருத்தினால் செலவு குறைவு. அது ஓடி விளையாடும் சக்கரம், சிரியன் என்ற பெரிய ரகத்துக்கு 28 சென்டிமீட்டர், குட்டை ரகத்துக்கு 20. ஓடும் பரப்பு முழுசாக மூடியிருக்க வேண்டும், கம்பிக் கம்பியாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும். சின்னச் சக்கரத்தில் முதுகை வளைத்து ஓடி ஓடியே முதுகெலும்பு பாழாகும்.

பகல் முழுக்கத் தூங்குது டீச்சர். நோயா? (ஐந்தாம் ஆண்டு மாணவன்)

இல்லை தம்பி. இரவில் நடமாடுகிற பிராணி அது. பகலில் எழுப்பினால் கடிக்கும்.

மரம் அறுக்கும் ஆலையில் தூள் சும்மா கிடைக்கிறது. கீழே அதைப் போடலாமா?

வேண்டாம். அது எந்த மரத்துத் தூள் என்று ஆலைக்காரருக்கே தெரியாது. பைன், சிடார் போன்ற வாசனை மரங்களின் பச்சைத் தூளிலிருந்து வரும் ஆவி மூச்சுக்குழாயையும் ஈரலையும் கெடுக்கும். நுண்தூசி வேறு. வாசனை சேர்க்காத காகிதப் படுக்கை, ஆஸ்பென் மரச் சீவல் இரண்டும் நல்லவை. வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் அதுவே இழுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டும். இலவம்பஞ்சும் கடையில் விற்கும் வண்ணப் பஞ்சும் கூடவே கூடாது. நூல் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஆழமாகப் போடுங்கள், 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல். இயற்கையில் சிரியன் ரகத்தின் வளைகள் சராசரி 65 சென்டிமீட்டர் ஆழம் போகின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிறுநீர் நனைந்த மூலையை மட்டும் தினமும் அள்ளிவிடுங்கள். மொத்தத்தையும் வாராவாரம் கொட்டி மாற்றாதீர்கள். தன் வாசனை போய்விட்டால் அது பதறும்.

என்ன கொடுப்பது? சோறு, கச்சாங் (கடலை), சூரியகாந்தி விதை? தாத்தா தோட்டத்துப் புல் கொண்டுவந்து தருகிறார்.

தானியக் கலவை முக்கிய உணவு. சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் கொழுப்பு, ஒன்றிரண்டு போதும், உப்பு போட்டு வறுத்தது ஆகாது. வெள்ளரி, கேரட், சாவிக் கீரை (கடுகுக்கீரை வகை) சிறு துண்டு. வாரத்தில் ஓரிரு நாள் அவித்த முட்டை கொஞ்சம். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, சாக்லேட் கூடாது. டுரியான் கொடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். குட்டை ரகங்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும்.

புல்தான் எனக்குப் பயம். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) அடியில் முளைத்த எதையும் கொடுக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து தடை என்பது உண்மைதான், ஆனால் மருந்து அடிப்பது நின்றுவிடவில்லையே. எந்த நிரையில் எப்போது அடித்தார்கள் என்று தாத்தாவுக்குத் தெரியாது. வேண்டுமென்றால் வீட்டுத் தொட்டியில் கோதுமையை முளைக்க வைத்துக் கொடுங்கள்.

தீம்பாரில் (தோட்டத்தில்) எலிக்கு மருந்து வைக்கிறோம், கூகைக்குப் பெட்டி வைக்கிறோம். நீங்கள் காசு கொடுத்து எலி வாங்குகிறீர்களா? (தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தண்டல் ஐயா)

ஐயா, இரண்டும் கொறிக்கும் இனம்தான், குடும்பம் வேறு. ஹாம்ஸ்டருக்கு வால் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நல்ல இடத்தை ஞாபகப்படுத்தினீர்கள். செம்பனை நிரையில் எலி தின்னும் கூகைக்கும் பாம்புக்கும் இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. வாசலில், பின்கட்டில், இரவு கூண்டை வைக்காதீர்கள். காட்டு எலி கூண்டுக்குக் கிட்டே வந்தாலும் ஆபத்து, எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் பரவும். எலி மருந்துக் கட்டியை விளையாட்டாக எடுத்துவரும் பிள்ளைகளைக் கண்டால் நீங்களே ஒரு சத்தம் போடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஒன்றுதான் இருக்கு. தனியாக இருப்பது பாவமாக இருக்கு. ஜோடி வாங்கிவிடலாமா டீச்சர்? (கடைத்தெரு அக்கா)

வாங்காதீர்கள் அக்கா. பாவம் நமக்குத் தோன்றுவது. அதற்குத் தனிமைதான் நிம்மதி.

கடையில் சிரியன் என்று சொல்லும் பெரிய ரகம், சிரியாவின் அலெப்போ பக்கத்து வயல்வெளியைச் சேர்ந்தது. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் அங்கே ஒரு தாயையும் குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்தார். பெட்டியில் போட்டதும் அந்தத் தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது. தப்பிப் பிழைத்தவற்றின் வம்சம்தான் இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளரும் சிரியன்களில் ஏறக்குறைய எல்லாம். பிற்காலத்தில் சிரியா, துருக்கி எல்லையில் ஆய்வாளர்கள் வளைகளைத் தோண்டி அளந்தபோது, எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை. ஆணும் பெண்ணும் சந்திப்பது இனப்பெருக்கத்துக்கு மட்டும், அதுவும் சற்று நேரம். ஒரே கூண்டில் இரண்டு சிரியன் வைத்தால் ஒன்று மற்றதைக் கொல்லும் வரைகூடப் போகும்.

ஆணும் பெண்ணும் என்றால் இன்னொரு வம்பு. சினையானால் பதினாறே நாளில் குட்டி. அந்தக் குட்டிகள் ஒரு மாதம் கடந்ததுமே அடுத்த சுற்றுக்குத் தயார்.

சும்மா பயமுறுத்தாதீங்க. என் வீட்டில் இரண்டு, ஆறு மாசமா ஒண்ணாத்தான் இருக்கு. கட்டிப்பிடிச்சுத் தூங்குது. (லோரி ஓட்டும் அண்ணன்)

என்ன ரகம் அண்ணே?

சின்னது. வின்டர் ஒயிட்னு கடைக்காரன் சொன்னான். ரெண்டும் பொட்டை.

அப்படியென்றால் நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. குட்டை ரகங்கள் வேறு. கேம்ப்பெல் என்ற ரகத்தில் ஆண் பிரசவத்துக்கே உதவி செய்யும், குட்டியை வாயால் பிடித்து வெளியே எடுத்து நக்கிச் சுத்தம் பண்ணும். சிறு வயதிலிருந்து சேர்ந்தே வளர்ந்த இரண்டு குட்டை ஹாம்ஸ்டர்கள் சில வீடுகளில் சேர்ந்தே இருந்துவிடுவதும் உண்டு. ஆனால் சில வீடுகளில் பல மாதம் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று முட்டிக்கொள்ளும். கட்டிப்பிடித்துத் தூங்குவதை மட்டும் பார்க்காதீர்கள், விழித்திருக்கும்போது பாருங்கள். ஒன்று மற்றதைச் சக்கரத்திலிருந்து விரட்டுகிறதா? ஒன்றின் எடை குறைகிறதா? இரவில் கீச்சென்று சத்தம் வருகிறதா?

கடைக்காரர் ஒரே கண்ணாடித் தொட்டியில் இருபது போட்டு வைத்திருக்கிறாரே, அவருக்குத் தெரியாதா? (வேறொருவர்)

அவர் வைத்திருப்பது சில வார வயதுக் குட்டிகளை. சண்டை போடும் வயது வருவதற்குள் அவை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சண்டையை நீங்கள்தான் பார்ப்பீர்கள்.

மனுஷனுக்கே துணை வேணும் டீச்சர். அதுக்கு வேணாமா? (அதே அக்கா)

அக்கா, மனிதனை விடுங்கள். உங்கள் ஹாம்ஸ்டருக்கு ஆழமான படுக்கை, பெரிய சக்கரம், ஒளிந்துகொள்ள ஒரு குடில் கொடுங்கள். துணைக்கு வாங்கும் பணத்தில் அந்த மூன்றும் வரும்.

சத்தம் எல்லாம் இல்ல. ஒண்ணுக்குக் காது கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, விளையாடும்போது. இடுப்புக்கிட்ட முடியும் கொட்டியிருக்கு. (லோரி அண்ணன்)

அண்ணே, அது விளையாட்டு இல்லை. இன்றைக்கே பிரித்துவிடுங்கள். தனிப் பெட்டி, தனிச் சக்கரம், தனித் தண்ணீர் போத்தல். நடுவில் வலை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம், வாசனையே சண்டையை மூட்டும். காயம் ஆழமாக இருந்தால் ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள். கிளம்புமுன் போன் பண்ணி, ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகளும் உண்டு.

பிரிச்சா ரெண்டும் ஏங்கிப் போயிடாதா?

போகாது.

இந்த விஷயத்தில் இன்னும் பதினைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பேர் அண்ணன் கட்சி. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு கூண்டு, ஒரு ஹாம்ஸ்டர். அடுத்தது.

என்னுடையதும் பகலில் தூங்கிக்கொண்டே இருக்கிறது…

மேலே பதில் இருக்கிறது.

பின்பக்கம் நனைந்து நாறுகிறது, சாப்பிடவில்லை. வீட்டில் பையனுக்குக் கொடுத்த அன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் கரைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதை எல்லோரும் படியுங்கள். அமொக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரைக் கொல்லும். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, அவற்றின் நஞ்சில் சில நாளில் இறந்துவிடும். நாம் தொண்டை வலிக்குச் சாப்பிடும் அதே மாத்திரைதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறி ஈரவால் நோயாக இருக்கலாம். வாங்கி வந்த புதிதில், கடை மாறி, வீடு மாறி மிரண்டிருக்கும் குட்டிகளுக்கு அதிகம் வரும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

இடுப்பின் இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளி. உண்ணியா? நாய்க்குப் போடும் மருந்து போடலாமா?

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது வாசனைச் சுரப்பி. சிரியன் எல்லாவற்றுக்கும் உண்டு, ஆணுக்கு நன்றாகத் தெரியும். நாய் மருந்தை ஹாம்ஸ்டர் மேல் ஒரு சொட்டுகூடப் போடாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன், நாற்றம் போகவில்லை.

குளிப்பாட்டவே கூடாது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தூசியில்லாத மணலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், புரண்டுகொள்ளும். பவுடர் போன்ற மாவு மணல் வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. நாற்றம் கூண்டின் மூலையிலிருந்து வருகிறது.

எறும்பு!

சாப்பாடு வைக்கும் பழைய மீட்சேஃப் அலமாரிக்குச் செய்தது போல மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சவர்க்காரம் கலந்து அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வளரும், சுகாதாரத் துறை அபராதம் போடும். எறும்பு மருந்து அடிக்காதீர்கள்.

டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது.

முடிந்தால் வேறு தாமானில் (குடியிருப்பில்) யார் வீட்டிலாவது சில மணி நேரம் விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்தி, தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். புகை முழுதாகக் கலைந்ததும் காற்றோட்டம் விட்டு, புதுத் தீனியும் தண்ணீரும் வையுங்கள்.

குளத்தங்கரைப் புல் பரவாயில்லையா? தோட்டத்துப் புல் இல்லை, வேறு இடம்.

வேண்டாம்.

என் முயலுக்குக் காதில் சொறி…

முயல் எனக்குத் தெரியாது அம்மா. வைத்தியரிடம் காட்டுங்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் பினாங்கு போகிறோம். கூட்டிக்கொண்டு போகலாமா, விட்டுவிட்டுப் போகலாமா?

இரண்டு நாள்தானே, வீட்டிலேயே இருக்கட்டும். உலர்ந்த தீனி போதுமான அளவு, தண்ணீர் போத்தல் இரண்டு. ஒன்றின் வாயிலுள்ள குண்டு சிக்கிக்கொண்டாலும் மற்றது கைகொடுக்கும். கிளம்புமுன் இரண்டையும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மதியம் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாசு வெடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கூண்டை உள்ளே தள்ளி வையுங்கள். காரில் கூட்டிக்கொண்டு போனால் வழியில் சாப்பிட இறங்கும்போது யாராவது ஒருவர் ஏர்கோன் போட்டுக் காரிலேயே உட்கார வேண்டியிருக்கும். யார் உட்காருவது என்று உங்கள் வீட்டில் சண்டை வரும்.