ஒரே சாயல், வேறு இனம்: ஈஸ்ட் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நுண்ணுயிரியல் படிக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் எல்லா ஈஸ்டும் மொட்டு விடும் முட்டை மாதிரியே தெரிகிறது. எந்த ஈஸ்ட் எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு விடுகிறது என்று பார்க்கும் சர்க்கரைச் சோதனையும் குழப்புகிறது. பேசாமல் டி.என்.ஏ.வுக்கே போய்விடலாமா?

பதில்: போகலாம். ஆனால் சர்க்கரைச் சோதனை ஏன் குழப்புகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டு போங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது.

ராஃபினோஸை எடுத்துக்கொள்வோம். காலக்டோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் சங்கிலியாகக் கோத்த சர்க்கரை அது. ரொட்டி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே தன் இன்வர்டேஸ் என்சைமால் ஓரத்தில் இருக்கும் ஃபிரக்டோஸை மட்டும் வெட்டித் தின்னும். மிச்சம் மெலிபயோஸாக அப்படியே கிடக்கும். லாகர் பியர் காய்ச்சும் பாஸ்டோரியானஸிடம் மெலிபயோஸையும் உடைக்கிற இன்னொரு என்சைம் உண்டு, அதனால் மூன்று துண்டையும் காலி செய்துவிடும். சோதனைக் குழாய்க்குள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த குட்டி டர்ஹாம் குழாயைப் பாருங்கள், ஒன்றில் கொஞ்சம் வாயு சேர்ந்திருக்கும், மற்றதில் நிறைய. எனக்கு இன்றைக்கும் பார்க்கப் பிடித்த காட்சி அது.

சிக்கல் எங்கே என்றால், அந்த வித்தியாசம் ஒரே ஒரு வகை ஜீனில் தொங்குகிறது. செரிவிசியேவிலேயே சில ரகங்களுக்கு அந்த ஜீன் இருக்கிறது. ஜீன் வரும், போகும், அதற்காக இனம் மாறிவிடாது. இது தெரியாத காலத்தில் ஒரு சர்க்கரை கூடினால் ஒரு பெயர், குறைந்தால் இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனார்கள். இட்டாலிகஸ், செவலியேரி, மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டாடிகஸ் எல்லாம் அப்படிப் பிறந்த பெயர்கள்தான். இன்று எல்லாமே செரிவிசியேவுக்குள் அடக்கம்.

வெப்பநிலைச் சோதனையை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் அதன் பின்னால் பல ஜீன்கள் இருக்கின்றன. 37 டிகிரியில் செரிவிசியே வளரும், அதன் உறவு இனமான உவாரம் வளராது. ஆனால் காட்டு மரப்பட்டைகளில் வாழும் பாரடாக்ஸஸ் வந்தால் இதுவும் கைவிட்டுவிடும், உடலியல் சோதனைகளில் அது செரிவிசியேவின் அச்சு அசல். இரண்டையும் கலந்தால் இணையும், கலப்பினம் நன்றாக வளரவும் செய்யும், ஆனால் அது விடும் ஸ்போர்களில் 100-க்கு ஒன்றுதான் பிழைக்கும். இரண்டு ஈஸ்டின் டி.என்.ஏ. இழைகளைக் கலந்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கும் பழைய ஒட்டுச் சோதனையில் இரண்டும் பாதி அளவுக்குத்தான் ஒட்டின. ஒரே இனம் என்றால் 70, 80 சதவீதத்துக்கு மேல் ஒட்ட வேண்டும்.

அப்புறம் ஒன்று: எந்தச் சோதனைக்கும் முன்னால் தட்டில் கோடிழுத்து ஒற்றைக் காலனி எடுங்கள். ஒரு தட்டில் இரண்டு ஈஸ்ட் கலந்திருந்தது தெரியாமல், முரண்பட்ட முடிவுகளோடு நான் பல நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கேள்வி: டி.என்.ஏ.வில் எத்தனை எழுத்து மாறினால் வேறு இனம்?

பதில்: எல்லோரும் கையாளும் கணக்கு கர்ட்ஸ்மேன், ராப்னெட் என்ற இரண்டு ஈஸ்ட் ஆய்வாளர்கள் 1998-இல் சொன்னது. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான 26எஸ் ஜீனில் டி1/டி2 என்று சுமார் 600 எழுத்து நீளப் பகுதி இருக்கிறது. சுமார் 500 இன ஈஸ்டுகளில் அதை ஒப்பிட்டார்கள். 3 எழுத்து வரை மாறியிருந்தால் பெரும்பாலும் ஒரே இனம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு இனம். நடுவில் விழுந்தால்? அங்கே அவசரப்படாதீர்கள். ரைபோசோம் ஜீன்களுக்கு இடையே இருக்கும் ஐ.டி.எஸ்., ஆக்டின் புரதத்தின் ஜீன் என்று இன்னொரு பகுதியையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கலப்பினங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். லாகர் ஈஸ்ட் செரிவிசியேவுக்கும் யூபயானஸுக்கும் பிறந்தது (அந்த யூபயானஸ் படகோனியா காடுகளில் கிடைத்த செய்தி 2011-இல்தான் வெளியானது). ரைபோசோம் பகுதியை மட்டும் படித்தால் ஒரு பெற்றோரின் முகம் மட்டும் தெரிந்து, மற்றது மறைந்துபோகலாம். ஒரு சர்க்கரையை நம்புவது எப்படித் தப்போ, ஒரு ஜீனை நம்புவதும் அப்படித்தான்.

கேள்வி: மருத்துவ லேபில் இந்த அளவு நுணுக்கம் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. மனிதருக்கு நோய் தரும் காண்டிடா வகை ஈஸ்டுகளில் அல்பிகன்ஸ், டப்ளினியென்சிஸ் இரண்டுமே சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த திரவம்) 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைக்குழாய் என்ற மெல்லிய குழாயை நீட்டும், அதனால் 1995 வரை இரண்டாவதைத் தனி இனம் என்றே யாரும் பிரிக்கவில்லை. 45 டிகிரியில் வைத்துப் பாருங்கள், அல்பிகன்ஸ் வளரும், மற்றது பொதுவாக வளராது.

2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸ் இன்னும் கவலைக்குரியது. தானியங்கிக் கருவிகள் பல காலம் அதை ஹெமுலோனி என்ற உறவு இனமாக அறிக்கை கொடுத்தன, காரணம் அப்போது அவற்றின் பட்டியலில் ஆரிஸ் என்ற பெயரே இருக்கவில்லை. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு மசியாத ரகங்கள் ஆரிஸில் ஏராளம், மருத்துவமனைக்குள் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவவும் செய்யும். அதனால் கருவி ஹெமுலோனி என்று சொன்னால் 42 டிகிரியில் ஒரு தட்டு வையுங்கள். வளர்ந்தால் அது ஹெமுலோனி இல்லை, அன்றைக்கே சீக்வென்சிங்குக்கு அனுப்பிவிடுங்கள்.