2013-இல் வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக் தன் அணிகளை ஏன் புதிதாகப் பிரித்தது?

அட்லாண்டா அணி 2011-இல் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்ந்ததுதான் உடனடிக் காரணம். ஊர் மாறியது, பிரிவு மாறவில்லை. குளிர் நடுக்கும் வின்னிபெக், இரண்டு பருவங்கள் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா அணிகளோடு தென்கிழக்குப் பிரிவிலேயே ஆடியது.

அதைவிடப் பெரிய அநியாயமாக எனக்குத் தெரிவது டெட்ராய்ட் ரசிகர்களின் நிலை. லீக் கிழக்கு, மேற்கு என்று இரு பாதிகளாகவும், ஒவ்வொரு பாதியும் சில பிரிவுகளாகவும் இருந்தது. ஊர் அமெரிக்காவின் கிழக்கு நேர மண்டலத்தில் இருக்க, அணியோ லீக்கின் மேற்குப் பாதியில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 7 மணி ஆட்டம் என்றால் டெட்ராய்ட்டில் இரவு 10. ஆட்டம் முடிவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை எப்படி விழித்திருந்து பார்க்கும்?

2011 டிசம்பரில் அணி உரிமையாளர்கள் ஏற்ற மறுபிரிப்புத் திட்டத்தை வீரர்கள் சங்கம் அடுத்த மாதமே மறுத்துவிட்டது. பிறகு 2013-14 பருவத்தில் ஆறு பிரிவுகள் நான்காயின. டெட்ராய்ட்டும் கொலம்பஸும் கிழக்குக்கு வந்தன, வின்னிபெக் மேற்குக்குப் போனது. எல்லா அணிகளும் எல்லா அரங்குகளிலும் ஒருமுறையாவது ஆடும்படி அட்டவணையும் மாறியது. இதில் ஆகச் சிறந்த மாற்றம் அதுவே. கிழக்கில் 16 அணிகள், மேற்கில் 14 என்ற ஏற்றத்தாழ்வு மட்டும் எஞ்சியது. லாஸ் வேகஸ் 2017-லும் சியாட்டில் 2021-லும் சேர்ந்த பிறகே அது சமமானது.