மஞ்சள் படிந்த டக்குமார் லென்ஸை வாங்கலாமா?

கேள்வி: பழைய சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "8 எலிமென்ட் (உள்ளே எட்டுக் கண்ணாடி வில்லைகள்) கொண்ட அரிய மாடல்" என்று அதிக விலை சொல்கிறார்கள். ஆனால் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. கதிர்வீச்சு இருக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். அந்த மஞ்சளே அது 8 எலிமென்ட் மாடல் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1964-ல் கொண்டுவந்த முதல் வடிவத்தில்தான் 8 எலிமென்ட். சில ஆண்டுகளிலேயே அதை 7 ஆக்கி, தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஆக்சைடு கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். தோரியம் கலந்தால் ஒளிவிலகல் எண் கூடும், அதாவது கண்ணாடி ஒளியை அதிகம் வளைக்கும். நிறங்களும் அதிகம் பிரிந்து சிதறாது. ஆனால் தோரியத்தின் கதிர்வீச்சு கண்ணாடிக்குள்ளேயே பல ஆண்டுகள் பட்டுப்பட்டு அதைப் பழுப்பாக்கிவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் லென்ஸின் மேலுள்ள புல ஆழ அளவுகோலைப் பாருங்கள் (எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழும் என்று காட்டும், நடுக்குறியின் இருபுறமும் உள்ள எண்கள்). அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்க ஃபோகஸ் காட்டும் சிவப்புக் குறி, வலப்பக்க 4-க்கு வலப்புறம் இருந்தால் 8 எலிமென்ட்; இடப்புறம் இருந்தால் 7.

கதிர்வீச்சு உண்மைதான். ஆனால் கேமராவில் மாட்டிப் படமெடுப்பவருக்கு அது மிகக் குறைவு. கண்ணாடியைத் தேய்த்துப் பாலிஷ் போடாதீர்கள், உடைந்தால் தூளை வெறுங்கையால் தொடாதீர்கள், தலையணைக்கருகே வைத்துத் தூங்காதீர்கள். அவ்வளவு போதும்.

மஞ்சளைப் போக்க வெயிலில் உள்ள புற ஊதா ஒளி போதும். ஃபில்டரையும் மூடிகளையும் கழற்றி, அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, ஜன்னலோரம் வையுங்கள். லென்ஸின் அடியில் அலுமினியத் தாள் விரித்தால் ஒளி திரும்பி மேலேறும். சில வாரங்களில் தெளியும். பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் வேண்டாம். லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிடும். உச்சி வெயிலும் கூடாது. சூட்டில் கிரீஸ் இளகி அபர்ச்சர் தகடுகளில் கசியும். அவசரமில்லை என்றால் மஞ்சளோடே கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் ஃபில்டர் போட்டதுபோல வானம் சற்று அடர்ந்து வரும், எனக்கு அது பிடிக்கும்.

நான் உண்மையில் பயப்படுவது பூஞ்சைக்குத்தான். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல இழைகள் தெரிந்தால், 7 எலிமென்ட் விலைக்கே கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை (கோட்டிங்கை) அரித்த தடம் எந்த வெயிலிலும் போகாது.