தடுப்பூசிக்குப் பிறகும் ஏன் கட்டுப்பாடுகள்? கேள்வி பதில்

மக்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின்னரும், 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பல நாடுகள் கொரோனா கட்டுப்பாடுகளை மீண்டும் கொண்டுவந்தன. அப்போது எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை என்பது வந்து சேர்ந்த கேள்விகளைப் படித்தாலே புரிகிறது. தொற்றுநோயியல் படித்து, பொதுச் சுகாதாரப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருள் கொண்ட கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வசைச் சொற்களை எடுத்துவிட்டேன், வசைக்கான காரணத்தை எடுக்கவில்லை.

கேள்வி: இரண்டு தவணை போட்டுக்கொண்டால் வாழ்க்கை பழையபடி திரும்பும் என்றார்கள். போட்டுக்கொண்டோம். ஆறே மாதத்தில் மறுபடியும் முகக்கவசம், மறுபடியும் முடக்கம். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா?

பதில்: ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் தெரிந்ததைவிட ஒரு படி கூட்டிச் சொன்னார்கள்; அதற்காக நீங்கள் கோபப்படுவது முறையே. 2020 இறுதியில் வெளியான ஃபைசர் தடுப்பூசிப் பரிசோதனையில் ஏறத்தாழ 43,000 பேர் பங்கேற்றார்கள். 95 சதவீதம் என்று உலகமே பேசிய எண், அறிகுறிகளுடன் வரும் நோய் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே காட்டியது. அதுவும் இரண்டாம் தவணைக்குப் பின் சுமார் இரண்டு மாதம் கவனித்ததில் கிடைத்த முடிவு. ஊசி போட்டவர் அறிகுறியின்றித் தொற்றைச் சுமப்பாரா, பிறருக்குப் பரப்புவாரா, பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கும் என்ற கேள்விகளுக்கு அன்று அதில் விடை இல்லை.

விடை வருவதற்குள் அறிவிப்புகள் வந்துவிட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 மே 13 அன்று, முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் தேவையில்லை என்றது. ஜூலை 27 அன்று, பரவல் மிகுந்த பகுதிகளில் உள்ளரங்குகளில் அவர்களும் மீண்டும் அணிய வேண்டும் என்றது. நெதர்லாந்தில் ஜூன் இறுதியில் இரவு விடுதிகள் திறக்கப்பட்டபோது, ஒரே தவணை ஜான்சன் ஊசியைப் போட்டுக்கொண்டவுடனேயே உள்ளே செல்லும் அனுமதி கிடைத்தது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக வாரங்கள் பிடிக்கும் என்பது மருத்துவ மாணவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரப்படும் செய்தி. இரண்டு வாரத்தில் தொற்று மளமளவென்று ஏறியது, விடுதிகள் மூடப்பட்டன, பிரதமர் மார்க் ருட்டே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இப்படி மன்னிப்புக் கேட்ட தலைவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதை எடுத்துச் சொல்கிறேன்.

கேள்வி: தட்டம்மை ஊசி ஆயுள் முழுவதும் காக்கிறது. இது மட்டும் ஏன் சில மாதங்களில் வலுவிழந்தது?

பதில்: நல்ல கேள்வி. ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் இரத்தத்தில் சுற்றுகின்றன. வைரஸ் நுழைவதோ மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலத்தின் வழியாக. இரத்தத்தில் எதிர்ப்பொருள் ததும்பி நிற்கும் முதல் சில மாதங்களில் அதன் கசிவு வாசலையும் ஓரளவு காக்கிறது. அளவு குறைந்ததும் வாசல் திறந்துவிடுகிறது. ஆனால் நினைவணுக்கள் உடலில் தங்கியிருக்கின்றன. வைரஸைக் கண்டதும் அவை படை திரட்டத் தொடங்கும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். தட்டம்மை, உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட ஏறத்தாழ பத்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்வதால் படை திரளப் போதிய அவகாசம் கிடைக்கிறது. கொரோனாவின் ஒமிக்ரான் திரிபோ மூன்று நாளிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. எனவே தொற்று வருவதைத் தடுக்க முடியாமல் போகிறது. அது நுரையீரல் வரை இறங்கி உயிருக்கு ஆபத்தாவதைப் பெரும்பாலும் தடுத்துவிட முடிகிறது. இந்த வேறுபாட்டை முதல் நாளிலிருந்தே சொல்லியிருந்தால் இன்று இந்தக் கேள்விகளில் பாதி எனக்கு வந்திருக்காது.

கேள்வி: எழுபது சதவீதம் பேர் போட்டால் போதும் என்றார்கள், பிறகு எண்பது, பிறகு தொண்ணூறு. இலக்கு ஏன் மாறிக்கொண்டே போனது?

பதில்: வைரஸ் மாறியதால் கணக்கும் மாறியது. எதிர்ப்பாற்றலே இல்லாத சமூகத்தில் ஒரு நோயாளி சராசரியாக மூன்று பேருக்குப் பரப்புவார் என்றால், அந்த மூவரில் இருவர் காக்கப்பட்டிருந்தால் பரவல் தேயத் தொடங்கும். அதாவது ஏறத்தாழ 67 சதவீதம். முதலில் வந்த வைரஸ் அந்த அளவில்தான் பரவியது. டெல்டா திரிபு ஐந்தாறு பேருக்குப் பரவக்கூடியதாக இருந்தது. ஆறு என்று கொண்டால் ஆறில் ஐவர், அதாவது 83 சதவீதம் காக்கப்பட வேண்டும். இதெல்லாம் ஊசி தொற்றை முழுமையாகத் தடுக்கும் என்று வைத்துக்கொண்டால். அது பத்தில் ஆறு தொற்றுகளை மட்டுமே தடுக்கிறது என்று கொண்டால், 83-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். விடை நூறைத் தாண்டிவிடும். ஊருக்கெல்லாம் ஊசி போட்டாலும் பரவல் நிற்காது என்பதே அதன் பொருள். 2021 நடுப்பகுதியிலேயே இது வல்லுநர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் சதவீத இலக்குகளை அறிவித்துக்கொண்டே போனது தவறு என்பது என் கருத்து.

கேள்வி: மருத்துவமனையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் ஊசி போட்டவர்கள் என்று அரசின் புள்ளிவிவரமே சொன்னது. பிறகு ஊசியால் என்ன பயன்?

பதில்: பத்து இலட்சம் பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்பது இலட்சம் பேர் ஊசி போட்டவர்கள், ஒரு இலட்சம் பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு ஒருவர் மருத்துவமனையில் சேர்கிறார் என்றால் 1,000 பேர். ஊசி அந்த ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், போட்டவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர், அதாவது 900 பேர். வார்டில் எண்ணிப் பார்ப்பவருக்கு இரு தரப்பும் ஏறத்தாழ சமமாகத் தெரியும். ஊசியே இல்லாதிருந்தால் அங்கே 10,000 பேர் இருந்திருப்பார்கள். அந்த வராத எண்ணாயிரம் பேரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கற்பனைக் கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால், 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஹாங்காங்கையும் நியூசிலாந்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதுவரை இரண்டுமே நோயைப் பெருமளவு வெளியே நிறுத்தி வைத்திருந்த இடங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒமிக்ரான் புகுந்தது. நியூசிலாந்தில் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தார்கள். ஹாங்காங்கில் எண்பது வயதைக் கடந்தோரில் பெரும்பகுதியினர் போட்டிருக்கவில்லை. ஹாங்காங்கில் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அது அன்றைய உலகின் மிக மோசமான இறப்பு விகிதங்களுள் ஒன்று. நியூசிலாந்தில் அப்படி நேரவில்லை.

கேள்வி: ஒமிக்ரான் கடுமையற்றது என்று சொல்லிக்கொண்டே ஏன் எல்லாவற்றையும் அடைத்தார்கள்?

பதில்: ஒருவருக்கு வரும் ஆபத்து வேறு, ஊருக்கு வரும் ஆபத்து வேறு. ஆபத்து மூன்றில் ஒன்றாகக் குறைந்து, நோய் மும்மடங்கு பேருக்குப் பரவினால் படுக்கைக் கணக்கு மாறுவதில்லை. அதோடு செவிலியர்களும் மருத்துவர்களும் ஒரே வாரத்தில் கூட்டமாகத் தொற்றுக்கு ஆளாகி வீட்டில் முடங்கினால், படுக்கை இருந்தும் பார்க்க ஆளிராது. நெதர்லாந்து 2021 டிசம்பர் 19 அன்று கடைகளையும் உணவகங்களையும் மூடியதற்கு இந்த அச்சமே காரணம். அங்கே மூன்றாம் தவணை அண்டை நாடுகளைவிடத் தாமதமாகத் தொடங்கியிருந்ததும் சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரானுக்குப் பெயரிட்டது நவம்பர் 26 அன்று. மூன்றே வாரத்தில், அதன் கடுமை உறுதியாகத் தெரியாத நிலையில், முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். தெளிவான சான்றுகள் வந்த பின்னும் அதே விதிகளை வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த இடங்களைச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: சிறிய உணவகம் நடத்தினேன். சொன்னபடி மேசைகளைத் தள்ளிப் போட்டேன், கிருமிநாசினி தெளித்தேன், ஊழியர் அனைவருக்கும் ஊசி போட வைத்தேன். ஆனாலும் முதலில் மூடப்பட்டது என் கடைதான். விமானங்களில் தோளோடு தோள் உரசி மக்கள் அமர்ந்து போனார்கள். இதில் என்ன அறிவியல் இருக்கிறது?

பதில்: உங்கள் கோபத்தில் ஒரு பகுதிக்கு அறிவியலில் பதில் உண்டு; மறுபகுதிக்கு அரசியலில்தான் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில், முகக்கவசமின்றி, பேசிக்கொண்டே நெடுநேரம் இருப்பது பரவலுக்கு மிக ஏற்ற சூழல் என்பது உண்மை. உணவகம் அந்த வரையறைக்குள் வருகிறது. விமானத்தில் வடிகட்டிய காற்று இடைவிடாது மாறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த விளக்கத்தை உங்களிடம் யார் சொன்னார்கள்? காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் நோய் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் பொதுமக்களுக்கான விளக்கத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது 2021 ஏப்ரல் இறுதியில்தான். அதுவரை, அதற்குப் பிறகும்கூட, உங்களைப் போன்றவர்கள் மேசையைத் துடைப்பதிலும் கண்ணாடித் தடுப்பு வைப்பதிலும் பணத்தைக் கொட்டினார்கள். சில தடுப்புகள் காற்றோட்டத்தையே தடுத்தன. அந்தப் பணத்தைச் சன்னலுக்கும் காற்று வடிகட்டிக்கும் செலவிடச் சொல்லியிருந்தால், இரண்டாம் முறை மூடும் நேரத்தில் ‘நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம்’ என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருந்திருக்கும். ஊரின் நன்மைக்காக ஒருவர் தொழிலை மூடச் சொல்லும்போது, அந்த இழப்பை ஊரே சுமக்க வேண்டும். முதல் முறை ஈடு கொடுத்த அரசுகளில் சில, அடுத்தடுத்த முறைகளில் கையைச் சுருக்கிக்கொண்டன. அதற்கு அறிவியலைப் போர்வையாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஊசி போடாதவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்தது நியாயம்தானே?

பதில்: ஆஸ்திரியா அதைத்தான் செய்து பார்த்தது. 2021 நவம்பர் 15 அன்று ஊசி போடாதவர்களுக்கு மட்டும் முடக்கம்; ஒரே வாரத்தில், நவம்பர் 22 அன்று, அனைவருக்கும் முடக்கம். அதனால் போட்டவர்களும் கொதித்தார்கள், போடாதவர்களும் கொதித்தார்கள். பிறகு பெரியவர்கள் அனைவருக்கும் ஊசி கட்டாயம் என்ற சட்டம் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, அபராதம் விதிக்கும் கட்டத்துக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டு, அந்தக் கோடையிலேயே நீக்கப்பட்டது. நியாயமா என்பது நெறிமுறைக் கேள்வி, அதில் நேர்மையானவர்களே இரு பக்கமும் இருக்கிறார்கள். பயன் பற்றி என்னால் சொல்ல முடியும்: டெல்டா காலத்தில் ஓரளவு பயன் இருந்தது, ஊசி போட்டவரும் தாராளமாகப் பரப்பிய ஒமிக்ரான் காலத்தில் அந்த வாதம் வலுவிழந்தது.

கேள்வி: மூன்றாம் தவணை மருந்து நிறுவனங்களின் வியாபாரம்தானே?

பதில்: முதியவர்களுக்கு இல்லை. இஸ்ரேல் 2021 ஜூலை இறுதியில் அறுபது வயதைக் கடந்தோருக்கு அதைத் தொடங்கியது; அந்த வயதினரிடம் கடும் நோய் தெளிவாகக் குறைந்தது. நலமாக உள்ள இளைஞர்களுக்கு அதன் கூடுதல் பலன் சிறியது. ஏழை நாடுகளில் முதல் தவணையே எட்டாத நிலையில், செல்வ நாடுகள் மூன்றாம் தவணையைத் தள்ளிப்போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் 2021 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் குறைவு.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. பெரியவர்கள் ஊசி போட்ட பிறகும் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்தது சரியா?

பதில்: சரியில்லை. 2020இன் முதல் மாதங்களில் பள்ளிகளை மூடியதற்குக் காரணம் இருந்தது; யாருக்கும் எதுவும் தெரியாத நேரம் அது. அப்போதும் சுவீடன் பதினாறு வயதுக்குட்பட்டோரின் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தது. யுனெஸ்கோ கணக்குப்படி அந்த ஆண்டில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். முதியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊசி கிடைத்த பின்னர், மதுக்கூடங்கள் திறந்திருக்கப் பள்ளி மூடியிருந்த இடங்களில் முன்னுரிமை தலைகீழாகிவிட்டது.

கேள்வி: இன்னொரு தொற்று வந்து, அரசு மறுபடியும் கட்டுப்பாடு என்று சொன்னால் நான் கேட்கமாட்டேன். என்னை எப்படிச் சமாதானப்படுத்துவீர்கள்?

பதில்: சமாதானப்படுத்தப் போவதில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் சொல்கிறேன்: இந்தக் கட்டுப்பாடு எதைக் காக்க? எந்த எண் எந்த அளவுக்கு இறங்கினால் விலகும்? எந்த நாளில் தானாகக் காலாவதியாகும்? இழப்பை யார் ஈடுகட்டுவார்கள்? மக்களிடம் எழுந்த சலிப்பு கட்டுப்பாடுகளின் கடுமையால் மட்டும் வந்ததில்லை. முடிவு எங்கே என்று தெரியாமல் நின்றதால் வந்தது.

டென்மார்க்கில் ஒரு நோயைச் ‘சமூகத்தை அச்சுறுத்தும் நோய்’ என்று சட்டப்படி வகைப்படுத்தினால்தான் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு இடமுண்டு. 2021 செப்டம்பர் 10 அன்று கொரோனாவை அந்த வகையிலிருந்து எடுத்தார்கள், நவம்பரில் மீண்டும் சேர்த்தார்கள், 2022 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் எடுத்தார்கள். அங்கும் முணுமுணுப்பும் ஆர்ப்பாட்டங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பிப்ரவரி நாளில் அன்றாடத் தொற்று எண்ணிக்கை முன்னெப்போதையும்விட உயரத்தில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். எந்த எண்ணைப் பார்த்துக் கதவைத் திறந்தார்கள் என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.