ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் டிஸ்க்கும் இப்போது தகராறு செய்துகொண்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை அதை ஆன் செய்யாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நேற்று ராத்திரி வரை நன்றாகத்தான் ஓடியது. காலையில் ஆன் செய்தால் உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். விண்டோஸ் வரவில்லை. நாலைந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன். இன்னும் முயன்று பார்க்கலாமா?

இனி ஒருமுறைகூட வேண்டாம், தம்பி. டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் ஹெட் அவற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் போனால், ஹெட் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி தேடும். உங்களுக்குக் கேட்கும் டக் சத்தம் அதுதான். பெரும்பாலும் ஹெட் பழுதாகியிருக்கும். பழுதான ஹெட் தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டிக்கொண்டு போய்விடும். அப்படிப் போன இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. உள்ளே இருப்பது முக்கியமென்றால் டிஸ்க்கைக் கழற்றி, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குக் கொடுங்கள்.

அதற்குமுன் ஒன்று. யூஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்க் என்றால், மின்சாரம் போதாமலும் இப்படி டக் அடிக்கும். வேறு கேபிளில், நேரடியாகக் கம்ப்யூட்டரின் போர்ட்டில், ஒரே ஒருமுறை செருகிப் பார்க்கலாம். சத்தம் நிற்கவில்லையா, பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: என் டிஸ்க்கில் சத்தம் எதுவும் இல்லை. பயாஸில், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரையில், பெயர் காட்டுகிறது. ஆனால் டிரைவைத் திறந்தால் "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்கிறது. பத்து வருஷத்துப் போட்டோக்கள் ஐயா, செய்துவிடலாமா?

கூடாது அம்மா, அந்தப் பெட்டியில் கேன்சல் கொடுங்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் பெரும்பாலும் கெட்டிருக்கும். போட்டோக்கள் தட்டில் அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

விண்டோஸில் இருக்கும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள், அதையும் இப்போது தொடாதீர்கள். அது டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவி. அதாவது, சாகக் கிடக்கும் டிஸ்க்கின்மேலேயே எழுதும். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் உறவினரின் டிஸ்க்கில் நானே அதை ஓட்டினேன். முடிந்து பார்த்தபோது "ஃபவுண்ட்.000" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயர் தொலைந்த துண்டுகள் நூற்றுக்கணக்கில். பாதி திறக்கவே இல்லை. அந்தக் குற்றவுணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

செய்ய வேண்டியது இது. பழைய டிஸ்க்கைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் பழைய டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக (செக்டர் என்பது தகவல் எழுதும் சிறு கட்டம்) புது டிஸ்க்கில் ஓர் இமேஜ் ஃபைலாக, அதாவது அச்சு நகலாக, எடுங்கள். நன்றாகப் படிக்க வருகிற இடங்களை அது முதலில் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். எதுவரை எடுத்தது என்பதை மேப் ஃபைலில் குறித்துவைப்பதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் அந்த மேப் ஃபைலின் பெயரையும் கொடுங்கள், அதைக் கொடுக்காமல் தொடங்காதீர்கள். கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், இரண்டாவது நகல். இதை மாற்றிக் கொடுத்தால் போட்டோக்கள் இருக்கும் டிஸ்க்கின்மேலேயே எழுதிவிடும். என்டர் தட்டுமுன் டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் இரண்டுமுறை சரிபாருங்கள்.

முதலில் சதவீதம் விறுவிறுவென ஏறும். கடைசிச் சொச்சத்துக்கு ஒருநாள்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். நகல் கிடைத்ததும் பழைய டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டு, தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதிப் பிரிவை) மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை நகலில் ஓட்டுங்கள். பார்ட்டிஷன் திரும்பினால் ஃபோல்டர்கள் பழைய பெயரோடு வரும். வராவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி இருக்கிறது. படங்களைத் தரும், பெயர்களைத் தராது.

கேள்வி: ஃபிரீசரில் வைத்தால் ஓடும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். ஈரத்தோடு தட்டு சுழன்றால் எல்லாம் போச்சு.

கேள்வி: கருகிய வாடை வந்தது, அதன்பின் டிஸ்க் சுழலவே இல்லை. அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டலாமா?

பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய போர்டில் உள்ள ரோம் சிப்பில், அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் பொருந்தும் அளவீடுகள் இருக்கும். பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்பை எடுத்துப் புது போர்டில் சால்டர் செய்தால்தான் வேலை செய்யும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். கருகிய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 197-ஆம் எண்ணில் 8 என்றும் 199-ல் 200-க்கு மேலும் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

197 என்பது படிக்கத் திணறும் செக்டர்களின் எண்ணிக்கை. அது பூஜ்யத்தைத் தாண்டியதுமே நகல் எடுத்துவிடுவது என் வழக்கம். 5-ஆம் எண்ணையும் பாருங்கள். கெட்ட செக்டர்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று செக்டர்கள் போயிருக்கின்றன என்று சொல்லும். 199 பெரும்பாலும் கேபிள் தகராறு. கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் சரி.

கேள்வி: என்னுடையது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. இதெல்லாம் இதற்கும் பொருந்துமா?

பாதிதான். எஸ்எஸ்டி முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் காணாமல் போகலாம்; சில சமயம் எழுத விடாமல் படிக்க மட்டும் விடும், அப்படியென்றால் உடனே நகல் எடுங்கள். தவறுதலாக அழித்த ஃபைல் என்றால் கடினம். டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைக் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் எடுக்க வராது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். இன்றைக்கே தேடி, தாளில் எழுதிவையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன், நன்றி அண்ணா. இனி கிளவுடில் சின்க் ஆகிறது, அது போதும்தானே?

மனசு நிறைந்துவிட்டது தம்பி. ஆனால் சின்க் மட்டும் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு வீடியோவை நடுவிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள்.